நோயின் பெயரும் நோயாளியின் பேச்சும்

தமிழில் மனச்சிதைவு என்று வழங்கும் நோய்க்கு உலக மருத்துவம் இட்டிருக்கும் பெயர் 'ஸ்கிசோஃப்ரீனியா'. 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பெர்லினில் கூடிய ஜெர்மானிய மனநல மருத்துவர்களின் கூட்டத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரப் பேராசிரியர் ஆய்கன் பிளாய்லர் தம் உரையில் இச்சொல்லை முன்வைத்தார். பிளத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றையும் உள்ளம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றையும் இணைத்து அவர் இதனை ஆக்கினார். நோய் பழையது, அதற்கு அதுவரை வழங்கிவந்த பெயரில்தான் அவருக்கு உடன்பாடு இல்லை. நோயின் பெயரே நோயுற்றவரின் எதிர்காலத்தைக் குறித்து முன்கூட்டித் தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பது அவருடைய மனக்குறை. அந்தத் தீர்ப்பு பிழையானது என்று அவர் கண்டறிந்ததற்கு, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளின் அருகிலிருந்து அவர்களுடைய பேச்சைக் கேட்டதே காரணமாயிற்று.

முடிவைக் கொண்டு இடப்பட்ட பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய மனநல மருத்துவம் நோய்களை வகைப்படுத்தும் முயற்சியில் மூழ்கியிருந்தது. இளம்பருவத்தில் தொடங்கிச் சிந்தனையும் நடத்தையும் குலையும் ஒரு நிலையை ஹெக்கர் 1871இலும், உடல் அசைவற்று உறைந்து நிற்கும் மற்றொரு நிலையை கால்பாம் 1874இலும் தனித்தனியே விவரித்தனர். இவற்றையும் இவையொத்த பிறவற்றையும் ஒரே நோயின் கிளைகளாகத் தொகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெபெலின். அவர் தம் பாடநூலின் அடுத்தடுத்த பதிப்புகளில் இந்நோயை 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்' என்று குறித்தார். இளமையிலேயே நேரும் அறிவழிவு என்பது அதன் பொருள். 1899இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில், கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வந்து இடையே தெளிவும் ஏற்படும் நோயை ஒருபுறமும், படிப்படியாக அறிவு குன்றிப்போகும் இந்நோயை மறுபுறமும் வைத்து அவர் வகுத்த பிரிவினைக் கோடு, இன்றைய மனநல மருத்துவத்திலும் பெரிதும் அழியாமல் இருக்கிறது.

கிரெபெலின் ஒவ்வொரு நோயாளியைக் குறித்தும் அட்டைகளில் குறிப்பெழுதி, நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றை ஒப்பிட்டு வகைகளை அமைத்தார். 1886 முதல் 1891 வரை அவர் பணியாற்றிய டோர்பாட் நகரில், அதாவது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டுவில், நோயாளிகளில் பலர் பேசிய மொழி அவருக்குத் தெரியாது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதைக் காட்டிலும் நோய் எங்கே போய் முடிகிறது என்பதை முதன்மையாகக் கொள்ளும் முறைக்கு இச்சூழல் இயல்பாகவே இடமளித்தது. முடிவைக் கொண்டு நோயை வரையறுப்பதில் ஓர் இடர் உண்டு. அறிவழிவில் முடிவதே இந்நோய் என்று கொண்டால், குணமடைந்த ஒருவருக்கு இந்நோய் வந்திருக்கவே இல்லை என்று சொல்ல நேரும். குணமடையாதவரோ பெயர் சூட்டப்பட்ட நாளிலேயே கைவிடப்பட்டவராகிவிடுவார்.

சோலிக்கோன் முதல் ரைனாவ் வரை

பிளாய்லர் 1857ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் சூரிக் ஏரிக்கரையிலுள்ள சோலிக்கோன் என்னும் ஊரில், உழவுப் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்தார். சூரிக் மாநிலத்தின் நாட்டுப்புற மக்கள் நகரத்தாரின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டுக் கல்வியிலும் ஆட்சியிலும் பங்குபெறத் தொடங்கியது 1830களில்தான்; 1833இல் நிறுவப்பட்ட சூரிக் பல்கலைக்கழகம் அம்மாற்றத்தின் அடையாளமாக விளங்கியது. நகரின் புறத்தே புர்க்ஹோல்ஸ்லி என்னும் பெயரில் 1870இல் திறக்கப்பட்ட பெரிய மனநல மருத்துவமனையோ அம்மக்களுக்கு அந்நியமாகவே இருந்தது. அதன் தொடக்ககால இயக்குநர்களில் பலர் ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர்கள். மூளையின் அமைப்பை ஆராய்வதில் வல்லவர்களாயினும் சுவிட்சர்லாந்தின் வட்டார ஜெர்மன் வழக்கு அவர்களுக்கு விளங்கவில்லை. தம் பிள்ளைகள் சொல்வதை மருத்துவர் புரிந்துகொள்வதே இல்லை என்ற மனத்தாங்கல் ஊர்களில் நிலவியது. பிளாய்லரின் தமக்கையும் கடுமையான மனநோய்க்கு ஆளாகியிருந்தமையால், இக்குறை அவர் குடும்பத்துக்கும் அயலானதன்று.

சூரிக்கில் மருத்துவம் பயின்ற பிளாய்லர், பெர்னுக்கு அருகிலுள்ள வால்டாவ் மருத்துவமனையில் பணியாற்றினார். பாரிஸில் நரம்பியல் அறிஞர் ஷார்கோவிடமும், மியூனிக்கில் மனநல மருத்துவர் குட்டனிடமும் சிறிதுகாலம் கற்றுத் திரும்பி, புர்க்ஹோல்ஸ்லியின் அப்போதைய இயக்குநர் ஔகுஸ்ட் ஃபோரெலின்கீழ் உதவியாளராகச் சேர்ந்தார். 1886இல், முப்பது வயது நிரம்புவதற்கு முன்னரே, ரைனாவ் மருத்துவமனையின் இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. ரைன் ஆற்றின் நடுவே ஒரு தீவில், கைவிடப்பட்ட பெனடிக்ட் சபை மடத்தின் கட்டடங்களில் இயங்கிய அந்த இடம், தேறமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட நெடுங்கால நோயாளிகளின் புகலிடம். அங்கே பிளாய்லர் திருமணமின்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கி, காலை முதல் இரவு வரை நோயாளிகளோடு வாழ்ந்தார். அவர்களை வேலையில் ஈடுபடுத்தி, அவர்களுடைய வழக்கிலேயே பேசி, அவர்கள் சொன்னவற்றைக் குறித்துவைத்தார். பிதற்றல் என்று தள்ளப்பட்ட பேச்சுக்குள் அச்சமும் ஆசையும் வாழ்க்கையில் பட்ட அடியும் பொதிந்திருப்பதை அவர் உணர்ந்தார். உள்ளே ஏதும் எஞ்சவில்லை என்று கருதப்பட்ட சிலர், நோய்த்தொற்றோ தீவிபத்தோ போன்ற நெருக்கடிகளில் திடீரெனத் தெளிவோடு நடந்துகொள்ளக் கூடும் என்பதும் அறிவழிவு என்னும் கருத்துக்குப் பொருந்தவில்லை. அழிந்துபோன அறிவு இவ்வாறு திரும்பி வருவதில்லை.

1898இல் ஃபோரெல் விலகியதும் பிளாய்லர் புர்க்ஹோல்ஸ்லியின் இயக்குநரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆனார். 1927 வரை அப்பொறுப்பில் இருந்தார். மருத்துவமனைக்குள்ளேயே அமைந்த அவருடைய இல்லத்தில் தமக்கையும் உடன் வாழ்ந்தார். அங்கே உதவியாளராக இருந்த அமெரிக்க மருத்துவர் பிரில், பிளாய்லர் அத்தமக்கையை வற்புறுத்தி இழுப்பதற்குப் பதிலாக மணிக்கணக்கில் பேசியே இணங்கவைத்தார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

புர்க்ஹோல்ஸ்லியின் ஆய்வுக்கூடம்

பிளாய்லரின் காலத்தில் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவத்தின் பயிற்சிக்களமாக மாறியது. 1900ஆம் ஆண்டு டிசம்பரில் கார்ல் குஸ்டாவ் யுங் அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். கார்ல் ஆபிரகாம், லுட்விக் பின்ஸ்வாங்கர் ஆகியோரும் அங்கே பணியாற்றினர். மைப்பொட்டுச் சோதனையால் பின்னர் புகழ்பெற்ற ஹெர்மான் ரோர்ஷாக், பிளாய்லரின் வழிகாட்டுதலில் தம் முனைவர் ஆய்வை முடித்தார். பிளாய்லரின் ஊக்கத்தால் யுங் அங்கே நடத்திய சொல் இயைபுச் சோதனைகள் குறிப்பிடத்தக்கவை. ஒரு சொல்லைச் சொல்லி, அதனைக் கேட்டதும் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லைக் கூறச் செய்து, இடையே கழியும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளப்பது இம்முறை. மனத்தை உறுத்தும் ஏதோ ஒன்றைத் தொடும் சொல்லுக்கு விடை தாமதமாகவோ பொருந்தாமலோ வந்தது. கருத்துகள் ஒன்றோடொன்று கோத்துவரும் முறையை இவ்வாறு அளந்தறியலாம் என்னும் நம்பிக்கை, பிளாய்லரின் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டது.

வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்ட் வளர்த்துவந்த உளப்பகுப்பாய்வை ஏற்றுக் கவனித்த முதல் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியர் பிளாய்லரே. நோயாளியின் மாயக்கருத்துக்கும் பொருள் உண்டு என்னும் ஃபிராய்டின் எண்ணம், ரைனாவில் அவர் கண்டவற்றோடு ஒத்துப்போயிற்று. ஆயினும் 1911இல் அவர் உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து விலகினார். முழுதும் ஏற்பவர் உள்ளே, ஐயுறுபவர் வெளியே என்னும் மனப்பாங்கு சமயத்துக்கும் கட்சிக்கும் பொருந்தலாம். அறிவியலுக்கு அது தீங்கு என்பது அவருடைய நிலைப்பாடு.

எது பிளக்கிறது?

அதே 1911இல் வெளிவந்த பிளாய்லரின் பெருநூல், இந்நோயை விரிவாக ஆராய்ந்தது. அதன் தலைப்பில் பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே வைத்த அவர், புதிய பெயரைப் பன்மையில் எழுதி, இது ஒரே நோயன்று, ஒரு தொகுதி என்பதைத் தலைப்பிலேயே உணர்த்தினார். நோய் எப்போதும் இளமையில்தான் தொடங்கும் என்பதில்லை, எப்போதும் அறிவழிவில்தான் முடியும் என்பதுமில்லை என்று கூறிப் பழைய பெயரின் இரு சொற்களையும் அவர் மறுத்தார்.

இல்லாத குரலைக் கேட்பதும், பிறர் தமக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவதுமே இந்நோயின் முகமாகப் பொதுமக்களுக்குத் தெரிகின்றன. பிளாய்லரோ இவற்றைத் துணை அறிகுறிகள் என்று இரண்டாம் வரிசையில் வைத்தார்; வேறு நோய்களிலும் இவை தோன்றும், இந்நோயிலேயே சிலரிடம் தோன்றாமலும் போகும். அவர் அடிப்படை அறிகுறிகளாகக் கொண்டவற்றுள் நான்கைப் பின்வந்தோர் தொகுத்துக் கற்பித்தனர். முதலாவது, எண்ணங்களைக் கோக்கும் இழை தளர்வது. சந்தைக்குச் செல்வதைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், சந்தை என்ற சொல்லின் ஓசையால் சந்தனத்துக்கும், சந்தனத்திலிருந்து திருமணத்துக்கும், அங்கிருந்து இறந்துபோன உறவினர் ஒருவருக்கும் தாவுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு தாவலுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு நோக்கத்தில் நிறுத்தும் கயிறு மட்டும் அறுந்திருக்கிறது. இரண்டாவது, உணர்ச்சி மழுங்குவது அல்லது சூழலுக்குப் பொருந்தாமல் வெளிப்படுவது. மூன்றாவது, ஒரே பொருளின்மீது ஒரே நேரத்தில் விருப்பும் வெறுப்பும், ஒரே செயலைச் செய்யும் எண்ணமும் தவிர்க்கும் எண்ணமும் ஒருங்கே எழுந்து ஒன்றையொன்று முடக்கும் ஈருணர்வு. நான்காவது, புறவுலகிலிருந்து விலகித் தன் அகவுலகில் ஒடுங்குவது. இதற்கு அவர் 'ஆட்டிசம்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு ஒன்றை விவரிக்க லியோ கன்னர் 1943இல் இச்சொல்லை எடுத்தாண்டதால், இன்று அது முற்றிலும் வேறொரு நிலையைக் குறிக்கிறது.

ஆகவே பிளாய்லர் கூறிய பிளவு, சிந்தனை, உணர்ச்சி, விருப்பம் ஆகிய மனத்தின் செயல்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்காமல் தனித்தனியே இயங்கும் பிளவாகும். ஓர் உடலுக்குள் இரண்டு ஆள்கள் குடியிருப்பதாகத் திரைப்படங்கள் காட்டும் இரட்டை ஆளுமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தம்மைப் பேரரசர் என்று நம்பும் நோயாளி ஒருவர், அதே நாளில் மருத்துவமனை முற்றத்தைப் பெருக்கவும் தயங்குவதில்லை. மாயவுலகையும் மெய்யுலகையும் அவர் மனம் ஒன்றோடொன்று மோதவிடாமல் இரட்டைக் கணக்காக வைத்து நடத்துகிறது என்று பிளாய்லர் குறிப்பிட்டார். நோய்க்கு மூல காரணம் மூளையில் நிகழும் ஏதோ ஓர் உடற்செயலாகவே இருக்கும் என்று அவர் கருதினாலும், அக்காரணத்தால் தளர்ந்த மனம் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சிகளே வெளித்தோன்றும் பல அறிகுறிகள் என்றும் விளக்கினார். உடலையும் உள்ளத்தையும் இவ்வாறு ஒரே விளக்கத்துக்குள் இணைத்தது அக்காலத்துக்குப் புதியது.

கோட்பாடு மாறியதும் மருத்துவமும் மாறவேண்டியதாயிற்று. நோயாளியைக் கூடியவரை விரைவாக வீட்டுக்கு அனுப்பவேண்டும், நெடுநாள் அடைத்துவைப்பதே மனத்தை மேலும் முடக்கும் என்று பிளாய்லர் வலியுறுத்தினார். வேலையும் மனிதர்களுடன் பழக்கமும் மருந்தாகும் என்றார். தற்கொலையைத் தடுப்பதற்காக இரவுபகலாகச் செய்யும் கண்காணிப்பும் கட்டுப்பாடும் சிலவேளைகளில் வாழ்வின்மீதான வெறுப்பையே வளர்க்கின்றன என்றும் அவர் துணிந்து எழுதினார்.

கோட்பாட்டின் நிழல்

பிளாய்லரின் பங்களிப்பை மதிப்பிடும்போது இரண்டு குறைகளைக் கடந்துபோக இயலாது. ஒன்று, அவர் வரைந்த எல்லை மிக அகலமானது. வெளிப்படையான அறிகுறி ஏதுமின்றி மறைந்திருக்கும் வடிவமே இந்நோயில் மிகுதி என்று அவர் எண்ணினார். எண்ணத்தின் இழை எப்போது தளர்ந்தது என்று முடிவுசெய்வதோ மருத்துவரின் பார்வையைப் பொறுத்தது. இதன் விளைவு அரை நூற்றாண்டுக்குப் பின் தெளிவாகத் தெரிந்தது. நியூயார்க் மருத்துவர்களும் லண்டன் மருத்துவர்களும் நோயறியும் முறையை ஒப்பிட்ட ஆய்வில், லண்டனில் வேறு நோயாகக் கருதப்படும் பலர் நியூயார்க்கில் ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களாகக் கணக்கிடப்பட்டது கண்டறியப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் 'மந்தகதி ஸ்கிசோஃப்ரீனியா' என்னும் வரையறை, அரசை எதிர்த்துப் பேசியவர்களை மருத்துவமனைகளில் அடைக்கும் கருவியாயிற்று. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோயறி விதிகளைத் திருத்தியபோது, எளிதில் அடையாளம் காணக்கூடிய குரல்களும் மாயக்கருத்துகளும் முன்வரிசைக்கு வந்தன; பிளாய்லர் துணை என்று ஒதுக்கியவை அடிப்படையாயின.

மற்றொன்று இதனினும் கொடியது. மனநோயுற்றோர் பிள்ளை பெறாதிருக்கக் கருத்தடை செய்யலாம் என்னும் இனமேம்பாட்டுக் கருத்தை, ஃபோரெலைப் போலவே பிளாய்லரும் ஏற்றிருந்தார். நோயாளியின் பேச்சைப் பொறுமையோடு கேட்ட அதே மனிதரிடம் இக்கருத்தும் குடியிருந்தது. 1933 ஜூலையில் நாஜி ஜெர்மனி கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியபோது, அதன் பட்டியலில் பிறவி அறிவுக்குறைபாட்டுக்கு அடுத்து இரண்டாவதாக இடம்பெற்றது ஸ்கிசோஃப்ரீனியா. அச்சட்டத்தின்கீழ் சுமார் 4,00,000 பேர் கருத்தடை செய்யப்பட்டனர். 1939இல் தொடங்கிய கொலைத்திட்டத்தின் முதல் கட்டத்தில், மருத்துவமனைகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். இக்கொலைகள் தொடங்குவதற்குச் சற்று முன், 1939 ஜூலையில் பிளாய்லர் பிறந்த ஊரிலேயே காலமானார்.

மகன் எழுதிய மறுபாதி

பிளாய்லரின் மகன் மான்ஃப்ரெட் பிளாய்லர், சிறுவயதில் அத்தையுடன் ஒரே வீட்டில் வளர்ந்தவர். 1942 முதல் 1969 வரை தந்தை இருந்த அதே இயக்குநர் பொறுப்பை வகித்தார். 1940களின் தொடக்கத்தில் புர்க்ஹோல்ஸ்லியில் சேர்ந்த 208 நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். நோய் தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாலோரின் நிலை சராசரியாக மேலும் கீழிறங்குவதில்லை, மேம்படும் போக்கே காணப்படுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முற்றிலும் நலமடைந்தோரும் கணிசமாக இருந்தனர். நோயுற்றோரின் பிள்ளைகளில் பெரும்பான்மையினர் நலமாகவே வாழ்ந்தனர் என்பதும் புலனாயிற்று. கருத்தடைச் சட்டத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட கருத்தின் அடிப்படையே இதனால் ஆட்டங்கண்டது.

1952இல் குளோர்புரோமசின் என்னும் மருந்து பாரிஸில் மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கிய பின், மூளையின் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறித்த ஆய்வுகள் பெருகின. 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, மரபுத்தொகுதியில் 108 இடங்கள் இந்நோயோடு தொடர்புடையவை என்று காட்டியது. அவற்றில் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஒற்றைக் காரணம் கொண்ட ஒற்றை நோயைத் தேடுவதைவிடப் பல வழிகளில் வந்து ஒத்த தோற்றம் கொள்ளும் தொகுதியைத் தேடுவதே பொருத்தம் என்பதை இவை வலுப்படுத்தின. பிளாய்லரின் தலைப்பிலிருந்த பன்மை இவ்வாறு நூறாண்டுக்குப் பின் புதிய ஆதரவு பெற்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில், உலகில் சுமார் 2.4 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர், இந்நோயோடு வாழ்கிறார்கள்.

தீர்ப்பெழுதும் பெயரை அகற்றவே பிளாய்லர் புதுப்பெயர் படைத்தார். அப்பெயரும் காலப்போக்கில் வசைச்சொல்லாகிவிட்டது. பிளவுண்ட மனம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வழங்கிய ஜப்பான் 2002இல் அதனைக் கைவிட்டு, ஒருங்கிணைப்புத் தவறிய நிலை என்று பொருள்படும் பெயரை ஏற்றது. தென்கொரியாவும் பின்னர், இசைக்கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதிய பெயரை அமைத்துக்கொண்டது; சுருதி விலகிய கருவியை மீண்டும் கூட்டலாம் என்னும் பொருள் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழில் மனப்பிளவு, மனச்சிதைவு என்னும் இரு சொற்களும் உண்டு. முன்னது பிளாய்லரின் சொல்லுக்கு நேரானது. பரவலாக நிலைபெற்றதோ பின்னது. சிதைந்தது திரும்பச் சேராது என்பதே சிதைவு என்னும் சொல்லின் குறிப்பாதலால், கிரெபெலின் எழுதிய தீர்ப்பு தமிழில் இன்னும் வழக்கொழியவில்லை எனலாம். ஆனால் இச்சொல்லைத் தாங்கிய தமிழகத்திலேயே அத்தீர்ப்பு சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் இந்நோய்க்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோயுற்றுச் சென்னையில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை, மருத்துவர் தாராவும் அவருடன் பணியாற்றியோரும் பல பத்தாண்டுகள் தேடிச்சென்று தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் பலர் இடையிடையே நோய் மீண்டாலும் தெளிந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்ந்ததை அவ்வாய்வு பதிவுசெய்தது. சூரிக்கில் மான்ஃப்ரெட் கண்டதும் சென்னையில் கண்டதும், நோயாளியை ஒருமுறை பார்த்துப் பெயரெழுதி முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் உடன் சென்று கேட்டவர்களுக்கே தெரியவந்தன. ரைனாவ் தீவில் பிளாய்லர் கடைப்பிடித்த முறையும் அதுவே.